டோரா பிந்திப் பாடிய பாட்டு

1977 மே 18, புதன்

காலையிலிருந்து மழை. பஸ் பிந்தி, நானும் பிந்தி. மனேஜர் பால்மர் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருக்கலாம்.

ஆய்வுகூடத்தில் போத்தல் கழுவுகிற மேவிஸ் இன்று தன்னுடைய ரான்சிஸ்டரைக் கொண்டுவந்து தொட்டிக்கு மேலே வைத்தாள். அறுபது வயதுக்காரி. பாட்டில்லாமல் கை ஓடாதாம். மத்தியானம் ஒரு பெண் குரல் வந்தது. ஒரு கிதார், ஒரு குரல், வேறொன்றுமில்லை. இனிமையான குரல் என்று சொல்ல மாட்டேன். தொண்டையில் கொஞ்சம் புழுதி இருப்பது போல. ஆட்டுப் பண்ணையில் நாற்பது பேருக்குச் சமைக்கிற ஒருத்தியைப் பற்றிய பாட்டு. யார் யாருக்கு என்ன பிடிக்கும், யார் இரண்டாம் தரம் கேட்பான் என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தது. கடைசியில், அவள் எங்கே இருந்து சாப்பிட்டாள் என்று உங்களில் யாராவது பார்த்தீர்களா என்று கேட்டுவிட்டு நின்றுவிட்டது.

கையில் பிப்பெற்றுக் குழாயோடு அப்படியே நின்றேன். யார் என்று கேட்டேன். "டோரா ஹென்ஷால். கன்ட்ரி பாட்டுக்காரி. உனக்குத் தெரியாதா? இந்த நாட்டுக்கு வந்து மூன்று வருஷமாய் என்ன செய்தாய்?" என்றாள் மேவிஸ்.

என்ன செய்தேன்? பற்றறித் தொழிற்சாலையில் ஈயம் அளந்தேன்.

மே 29, ஞாயிறு

இரண்டு மணிக்கு றேடியோவில் கன்ட்ரி நிகழ்ச்சி. என் கணவர் சிறி பேப்பருக்குப் பின்னால் இருந்து சொன்னார்: "ஆறு வருஷம் சங்கீதம் படிச்ச ஆள் நீர். மாடு மேய்க்கிறவையின்ரை பாட்டுக்கு இப்பிடி வாயைப் பிளந்துகொண்டு இருக்கிறீரே!"

அவருக்கு விளங்கப்படுத்த எனக்குத் தெரியவில்லை. இங்கேயாவது எழுதிப் பார்க்கிறேன். இன்று பாடியது ஒரு பண்ணையில் முப்பது வருஷம் மாடு ஓட்டிய கறுப்பினத்தவன் ஒருவனைப் பற்றி. பண்ணை வீட்டுச் சுவரில் ஒரு படம். அதில் அவனும் ஒரு குதிரையும். படத்துக்குக் கீழே குதிரையின் பெயர் இருக்கிறது. அவ்வளவுதான் பாட்டு. யாரையும் திட்டவில்லை. அநியாயம் என்ற சொல்லே வரவில்லை. குதிரையின் பெயரை மட்டும் நான்கு தரம் சொல்கிறாள். நாலாம் தரம் எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை, எனக்கு வந்தது. அதுதான் அவளுடைய கெட்டித்தனம்.

ராகம் என்று பார்த்தால் ஒன்றுமில்லைத்தான்.

ஜூன் 12, ஞாயிறு

விக்னராஜா அண்ணையும் மனைவி பவளமும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். அண்ணை சாவகச்சேரியில் பதினாறு வருஷம் கணக்குப் படிப்பித்தவர். இங்கே அந்தச் சான்றிதழை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. போன வருஷம் நான்தான் பால்மரிடம் கதைத்து, ஈயத் தகடுகளுக்குப் பசை பூசும் பகுதியில் அவருக்கு வேலை எடுத்துக் கொடுத்தேன்.

குசினிக்குள் வைத்துப் பவளம் காதுக்குள் சொன்னாள். இரண்டு மாதம். கலியாணம் செய்து எட்டு வருஷத்துக்குப் பிறகு! அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் அடுப்புக்கு முன்னால் பேய்க்குஞ்சுகள் போலச் சிரித்தோம்.

அண்ணை இறைச்சிக் கறியைத் தொடவில்லை. "வயித்துக்கை இழுத்துப் பிடிக்குது, தங்கச்சி. ஒரு மாதமாய் இப்பிடித்தான்." சிறி அவருக்கு இஞ்சித் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார்.

ஜூலை 6, புதன்

மூன்று மாதத்துக்கு ஒருதரம் தொழிலாளரின் சிறுநீர் மாதிரிகள் என்னிடம் வரும். பச்சைக் கரைசல் ஒன்றோடு சேர்த்துக் குலுக்குவேன். ஈயம் இருந்தால் பச்சை போய்ச் சிவப்பு வரும். கொஞ்சம் சிவக்காதவர்கள் அங்கே ஒருவருமில்லை.

முப்பத்தோராம் போத்தல் இரத்தம் போலச் சிவந்தது. திரும்பச் செய்தேன். மூன்றாம் தரமும் செய்தேன். பட்டியலைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை, மூடியில் என்னுடைய கையெழுத்திலேயே பெயர் இருந்தது. விக்னராஜா.

பால்மரிடம் கொண்டு போனேன். போத்தல் அழுக்காக இருந்திருக்கும், திரும்ப மாதிரி எடுப்போம் என்றார். மேவிஸ் கழுவின போத்தல் அழுக்காக இருக்காது என்று எனக்குத் தெரியும். "சரி" என்றேன். என்னுடைய வாய் அது.

ஜூலை 15, வெள்ளி

இரண்டாவது மாதிரி எடுக்கவில்லை. கேட்டேன். அடுத்த முறை பார்க்கலாம் என்றார்.

ஜூலை 23, சனி

புட்ஸ்கிறேயில் பழைய சாமான் விற்கும் கடையில் டோராவின் இசைத்தட்டு ஒன்று அகப்பட்டது. உறையில் ஒரு பக்கம் பூஞ்சணம். தட்டில் கீறல் இல்லை.

இரண்டாம் பக்கத்தில், திங்கட்கிழமை தோறும் புருஷனுடைய சட்டையைத் தோய்க்கிற ஒருத்தியின் பாட்டு. அவன் சுரங்கத்தில் வேலை. சுரங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தொட்டித் தண்ணீரின் நிறத்தைப் பற்றி மட்டும் பாடுகிறாள். முதல் வருஷம் என்ன நிறம், மூன்றாம் வருஷம் என்ன நிறம். கடைசி அடியில் தொட்டியடியில் வேறொருத்தி நிற்கிறாள், முதலாமவளின் சட்டைகளைத் தோய்த்து மடித்து யாருக்கோ கொடுக்கவென்று எடுத்து வைக்கிறாள். என்ன நடந்தது என்று சொல்லவே இல்லை! எவ்வளவு இறுக்கமாகக் கட்டியிருக்கிறாள் என்று வியந்து மூன்று தரம் போட்டேன். சிறி வந்து கதவைச் சாத்தினார்.

ஆகஸ்ட் 21, ஞாயிறு

இலங்கையில் தமிழரை அடிக்கிறார்கள். ஐந்து நாளாகிறது. சிறியின் தம்பி நித்தியானந்தன் குருநாகலில், வங்கி வேலையில். ஒரு செய்தியும் இல்லை. சிறி சிற்றலை றேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு ஒரே கதிரையில் இருக்கிறார். சாப்பிடக் கூப்பிட்டால் கையைக் காட்டுகிறார், பொறு என்று.

ஆகஸ்ட் 31, புதன்

தந்தி. நித்தி கப்பலில் காங்கேசன்துறை போய்ச் சேர்ந்துவிட்டார். இருந்த வீடு எரிந்துவிட்டது. ஆள் உயிரோடு. சிறி தந்தியை வாசித்துவிட்டு முகம் கழுவப் போனார். தண்ணீர் நெடுநேரம் ஓடியது.

பிறகு சொன்னார்: "அவனை இஞ்ச எடுக்க வேணும், யோகா. ஸ்பொன்சர் பண்ண எங்களுக்கு நிரந்தர வேலை எண்டு காட்ட வேணும். என்ரை வேலை இன்னும் தற்காலிகம். உம்மடை மனேஜரிட்டை ஒரு கடிதம் வாங்கும்."

வேலைக்குப் போனதும் கேட்டேன். பால்மர் எழுந்து நின்று அனுதாபம் சொன்னார். கட்டாயம் தருகிறேன் என்றார். அவர் கெட்ட மனிதர் என்று எழுதினால் எனக்குச் சுகமாக இருக்கும். அப்படி எழுத முடியவில்லை.

செப்டெம்பர் 11, ஞாயிறு

பவளம் வீட்டுக்குப் போனேன். கதவைத் தட்டினால் பதிலில்லை. பின்வளவுக்குப் போனேன். வேலியில் அண்ணையின் வேலைக் காற்சட்டையைப் போட்டு இரண்டு கையாலும் அடித்துக்கொண்டு நின்றாள். சாம்பல் நிறத் தூசி எழும்பி அவளுடைய முகத்திலும் வயிற்றிலும் படிந்தது. தும்மினாள். என்னைக் கண்டு சிரித்தாள்.

"உதறிப்போட்டுத் தோய்ச்சால்தான் அக்கா ஊத்தை போகும்."

தொட்டியில் மற்ற உடுப்புகள் ஊறிக்கொண்டிருந்தன. தண்ணீர் சாம்பல் கரைத்தது போல. வீட்டில் மூன்று தரம் போட்டு ரசித்தேனே, அந்தத் தண்ணீர்!  என்ன மனுசி நான்? பாட்டில் வந்தால் விளங்குகிறது. என் கையால் குலுக்கிய போத்தலில் சிவந்தபோது விளங்கவில்லையா? வேலை செய்கிற ஒருவரின் உடம்பு மட்டும்தான் என்று நினைத்தேன். அவருடைய உடுப்பு எங்கே போகிறது என்று ஒரு நாளும் நினைக்கவில்லை.

"உந்த உடுப்பை நீர் தோய்க்காதையும், பவளம்."

"ஏன் அக்கா?"

"இந்த நேரத்திலை குனியக் கூடாது."

செப்டெம்பர் 12, திங்கள்

குனியக் கூடாது என்றேன். குனியக் கூடாதாம்!

செப்டெம்பர் 25, ஞாயிறு

நேற்றைய கால்பந்து இறுதி ஆட்டம் சமநிலையில் முடிந்துவிட்டது, அடுத்த சனி திரும்ப விளையாடுகிறார்கள். கொலிங்வூட் அணியில் பைத்தியமான மேவிஸுக்குக் குரலே இல்லை. அந்தக் குரலோடு என்னை டோராவின் கச்சேரிக்குக் கூட்டிப் போனாள். பின்னேரம் மூன்று மணி, ஒரு தொழிற்சங்க மண்டபம். புடைவையோடு நான் ஒருத்திதான். ஒரு கிழவர் எழும்பித் தன் கதிரையைத் தந்தார்.

டோராவுக்கு ஐம்பத்தைந்து இருக்கும். கட்டைத் தலைமயிர், ஆண்கள் போடுகிற சப்பாத்து. சமையற்காரி பாட்டு, குதிரைப் பாட்டு எல்லாம் வந்தன. ஒரு மனிதன் பின்னால் இருந்து, தோய்க்கிற பாட்டைப் பாடு, அதுதான் உன்னுடைய துணிச்சலான பாட்டு என்று கத்தினான்.

அவள் கிதாரை மடியில் படுக்க வைத்தாள். அது என் அக்காவின் தொட்டி, என்றாள். ஐம்பத்தெட்டாம் ஆண்டு நான் அந்தத் தண்ணீரைப் பார்த்தேன். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அத்தானுக்கு இரண்டு வருஷம் அலைந்து கிடைத்த வேலை, அதனால் வாயை மூடிக்கொண்டு தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்தேன். அக்காவின் செத்தவீடு முடிந்து வந்துதான் பாட்டை எழுதினேன். துணிச்சல் என்று சொல்கிறீர்கள். துணிச்சலானவள் என்றால் அன்றைக்கே சொல்லியிருப்பாள். உங்களுக்கு இந்தப் பாட்டுக் கிடைத்திருக்காது.

பிறகு பாடினாள். மண்டபம் முழுக்க அழுதது. நான் அழவில்லை. எனக்கு அவள்மீது கோபம். ஏன் என்னைப் பார்த்துச் சொன்னாள்? என்னைப் பார்க்கவில்லை, தெரியும். நான் நாலாம் வரிசையில் இருந்தேன், அவளுக்குக் கண்ணாடியும் இல்லை.

செப்டெம்பர் 27, செவ்வாய்

வேலை முடிந்து நேரே அவர்கள் வீட்டுக்குப் போனேன். பவளத்தையும் இருத்தி வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஜூலைப் போத்தல், பால்மர், தூசி, பிள்ளை.

அண்ணை எழும்பி நின்றார். அந்த மனிதரின் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

"ஜூலையிலை தெரியும். இப்ப செப்டெம்பர் முடியப் போகுது. என்ன செய்தனீர், தங்கச்சி?"

"பிழைதான் அண்ணை."

"நீர்தானே கூட்டிக்கொண்டு போய் விட்டனீர்! இப்ப நீரே வேலையை விடச் சொல்லுறீர். விட்டுப்போட்டு என்ன செய்ய? கணக்குப் படிப்பிக்கவோ?" கையை நீட்டிக் கதவைக் காட்டப் பார்த்தார். வலது கை உயர்ந்தது. மணிக்கட்டு உயரவில்லை. ஈரத் துணி போலத் தொங்கியது. அவரும் அதைப் பார்த்தார். கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

 பவளம் வயிற்றின் மேலே புடைவைத் தலைப்பை இழுத்துப் போர்த்தினாள். எந்தத் தூசியிலிருந்து, இப்போது?

அக்டோபர் 3, திங்கள்

பால்மர் கூப்பிட்டார். மேசையில் இரண்டு தாள். ஒன்று நித்திக்கான கடிதம், தட்டச்சு செய்து, கையெழுத்து மட்டும் இல்லாமல். மற்றது ஜூலைப் பரிசோதனைகளின் சுருக்கம். முப்பத்தொன்றுக்கு நேரே, "மாதிரி பழுது" என்று இருந்தது. அடியில் என் கையெழுத்துக்கு ஒரு கோடு.

நீ இதில் போடு, நான் அதில் போடுகிறேன் என்று அவர் சொல்லவில்லை. இரண்டையும் அருகருகே வைத்தார், அவ்வளவுதான். நாளைக்குத் தரலாமா என்று கேட்டேன். வியாழன் வரை பொறுக்கலாம் என்றார். அவருடைய கண்ணாடியைத் துடைத்தார். அவருக்கும் மேலே யாரோ இருக்கிறார்கள் போல.

அக்டோபர் 4, செவ்வாய்

சிறியிடம் சொன்னேன். முழுவதும் கேட்டார்.

"அவன் அகதி முகாமிலை பள்ளிக்கூட வாங்கிலை படுக்கிறான், யோகா."

"தெரியும்."

"நித்தி வந்தாப் பிறகு வெளியிலை சொல்லும். ஆறு மாதம். ஆறே மாதம்."

"பவளத்துக்கு ஜனவரியிலை பிள்ளை."

"என்ரை தம்பி முக்கியமோ, அவையோ?"

 இரண்டு பேரும் என்று சொன்னால் அவருக்குக் கேலி போலிருக்கும். அவர் கேட்டது பிழையான கேள்வியும் இல்லை. நித்தி எழுதின கடிதத்தில் எழுத்தெல்லாம் நடுங்கியிருக்கிறது. அதை நானும்தான் வாசித்தேன்.

அக்டோபர் 5, புதன்

சாப்பாட்டு நேரத்தில் ஆய்வுகூடக் கதவைச் சாத்திவிட்டு, ஒரு வருஷத்துப் பரிசோதனை இலக்கங்களை என் அப்பியாசக் கொப்பியில் பார்த்து எழுதினேன். மேவிஸ் உள்ளே வந்தாள். பார்த்தாள். ரான்சிஸ்டரைச் சத்தமாக வைத்துவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டாள்.

இன்னும் ஒன்றும் தீர்மானிக்கவில்லை. எழுதி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

அக்டோபர் 6, வியாழன்

போனேன்.

வேலைக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டு, நகரத்தில் அரசாங்கத்தின் தொழிற்சுகாதாரப் பகுதிக்கு. கொப்பியைக் கொடுத்தேன். அந்த மனிதர் முதற் பக்கத்தைப் புரட்டும்போது சாவகாசமாக இருந்தார். மூன்றாம் பக்கத்தில் நிமிர்ந்து இருந்தார். முப்பத்தொன்று யார், இன்றைக்கும் வேலைக்குப் போகிறாரா என்று கேட்டார். ஓம் என்றேன். மனைவியின் நிலையையும் சொன்னேன். என்னுடைய பெயரை எழுதலாமா என்றார்.  எழுதுங்கள் என்றேன். எழுத்துக் கூட்டிச் சொன்னேன், யோகேஸ்வரி சிறிதரன், ஒவ்வொரு எழுத்தாக. ஆங்கிலத்தில் அது எவ்வளவு நீளம்!

அக்டோபர் 10, திங்கள்

வேலை போய்விட்டது. நிறுவனத்தின் இரகசியத்தை வெளியே கொண்டு போனேனாம். என் வெள்ளைக் கோட்டை மடித்துக் கொடுத்தேன். பால்மர் கைகொடுத்தார்! நானும் கொடுத்தேன். நித்தியின் கடிதம் மேசையில் இல்லை.

சிறி நடு அறையில் பாய் விரித்துக்கொண்டார்.

அக்டோபர் 21, வெள்ளி

பரிசோதகர்கள் மூன்று பேர் போனார்களாம், மேவிஸ் ரெலிபோனில் சொன்னாள். பசை பூசும் பகுதி பூட்டு. பதினொரு பேருக்கு உடனே இரத்தம் எடுத்தார்கள். அண்ணையை ஆஸ்பத்திரியில் மறித்துப் படுக்க வைத்துவிட்டார்கள்.

பார்க்கப் போனேன். என்னைக் கண்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். நான் பதினொரு பேரின் வேலையையும் கெடுத்துப்போட்டேன் என்று யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். வாசலில் பவளம் என் கையைப் பிடித்தாள். அவளுடைய இரத்தத்திலும் ஈயம் இருக்கிறதாம். இருக்க வேண்டியதைவிட அதிகம். இன்றையிலிருந்து குறையும் என்கிறார் டொக்டர். பிள்ளையைப் பற்றி இப்போது சொல்ல முடியாதாம்.

நவம்பர் 17, வியாழன்

வேறொரு ஆஸ்பத்திரியில் ஆய்வுகூட வேலை கிடைத்தது. இப்போதைக்குப் போத்தல் கழுவ. இதுவும் வேலைதான். ஆனால் பாட்டுக் கேட்க மனமில்லை. தட்டை உறைக்குள் போட்டு அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறேன். டோராவோடு எனக்கு இன்னும் கணக்குத் தீரவில்லை. கோபம் போய்விட்டது, வேறு ஏதோ மிச்சம். அவள் நல்ல பாட்டுக்காரி என்பதால் அல்ல, தன் நல்ல பாட்டுக்கு முன்னால் வெட்கப்படத் தெரிந்தவள் என்பதால்.

டிசெம்பர் 8, வியாழன்

சிறியின் வேலையை நிரந்தரமாக்கிவிட்டார்கள். அவருடைய தலைமை எஞ்சினியர் நித்திக்குக் கடிதம் கொடுத்தார். விண்ணப்பம் போய்விட்டது. இதை எனக்குச் சொன்னது சிறி அல்ல, குசினி மேசையில் விரித்து வைத்திருந்த பிரதி. நான் வாசிக்கட்டும் என்றுதான் வைத்தாரோ?

1978 ஜனவரி 17, செவ்வாய்

பெண். ஆறு இறாத்தல். அழுதாளாம், நன்றாக அழுதாளாம்.

பெப்ரவரி 19, ஞாயிறு

பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு, ஞாயிறு பார்த்து வைத்தார்கள். பவளம் கட்டாயம் வரவேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தாள். சிறி காரைத் துடைத்துக்கொண்டு நின்றார். வருவாரா என்று கேட்காமல் ஏறினேன். 

பிள்ளையின் இரத்தத்தில் ஈயம் டொக்டர் பயந்த அளவு இல்லை. இல்லவேயில்லை என்றும் சொல்லவில்லை. ஆறு மாதத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். பவளம் அவளை என் மடியில் கிடத்திவிட்டுப் போய்விட்டாள். சின்னக் கை, என் சுண்டுவிரலை இறுக்கிப் பிடித்தது. நான் அசையவில்லை.

அண்ணை வந்து எதிர்க் கதிரையில் இருந்தார். நாலு மாதத்துக்குப் பிறகு. வலது கையை மடியில் ஒரு மட்டையோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். இப்போது ஒரு கடையில் பின்னறையில் இருப்பு எழுதுகிறார், இடது கையால்.

"செவ்வாய்க்கிழமை தொழிற்சாலை விசாரணை எண்டு கேள்விப்பட்டன்."

"ஓம் அண்ணை. என்னைக் கூப்பிட்டிருக்கினம்."

"என்னையும் கூப்பிட்டவை. நான் வரேல்லை எண்டு எழுதிப்போட்டன்." பிள்ளையைப் பார்த்தார். "பேந்து அந்தக் கடிதத்தைப் போடேல்லை. ஜூலையிலை சொல்லாத கோபம் எனக்கு இன்னும் போகேல்லை, தங்கச்சி. போகுமோ தெரியாது. ஆனால் நான் வாறன். கையைக் காட்டுறன்."

 தலையை மட்டும் ஆட்டினேன்.

சிறி பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். தேத்தண்ணிக் கோப்பையை யன்னலில் வைத்துவிட்டு அண்ணையிடம் கேட்டார், என்னிடம் அல்ல:

"எத்தினை மணிக்கு அங்கை நிக்க வேணும்?"

"பத்துக்கு."

"அப்ப எட்டரைக்கு ரெடியா இருங்கோ. நான் ரெண்டு பேரையும் ஏத்திக்கொண்டு போறன். லீவு போன கிழமையே போட்டிட்டன்."